கோப்பை வாங்கிய டீம் ஏன் அடுத்த வருஷம் இருப்பதில்லை?

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர்த் திருவிழாக் கால்பந்து மைதானத்தில் ஒரு அண்ணன் மைக்கில் சொன்ன அந்த வார்த்தையை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. மைதானத்தில் இருந்தவர்கள் காதால் கேட்டார்கள். வராதவர்களுக்கு இந்நேரம் வீடியோ வந்திருக்கும். போன வருஷத் திருவிழாவில் கோப்பையைத் தூக்கிய நம்ம டீம் இந்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே வெளியே போனது. எல்லோருக்கும் வயிற்றெரிச்சல்தான், எனக்கும்தான். அதற்காக, போன வருஷம் நம்ம டீமில் ஆடிவிட்டு சென்னை கிளப்புக்குப் போன தம்பியை, அவன் போனதால்தான் தோற்றோம் என்று, அவன் அம்மா கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதே அப்படிப் பேசலாமா?

ஒன்று சொல்கிறேன். ஜெயித்த டீம் கலைவதே ஜெயித்ததால்தான். தோற்ற டீமை யார் வந்து பார்க்கிறார்கள்? கோப்பை வாங்கிய அன்றைக்குத்தான் வெளி கிளப் ஆட்கள் பையன்களின் பெயரைக் கேட்பார்கள், போன் நம்பர் வாங்குவார்கள். அதுவரை பஸ் காசுக்கும் பிரியாணிக்கும் ஆடியவனுக்கு அன்றைக்கு ஒரு விலை வருகிறது. அந்த விலையை நம்மால் கொடுக்க முடியாது. இதில் துரோகம் எங்கே இருக்கிறது?

நம்ம ஊரில் மட்டும் நடக்கிற விஷயமா இது? 2016இல் இங்கிலாந்தில் லெஸ்டர் சிட்டி லீக் கோப்பையை வாங்கியது. சீசன் தொடக்கத்தில் ஒன்றுக்கு ஐயாயிரம் என்று பந்தயம் போட்ட டீம். கோப்பை வாங்கி இரண்டே மாதத்தில் அந்த டீமின் ஆட்டக்காரர் கான்டே செல்சி கிளப்புக்குப் போனார், அடுத்த வருஷம் அங்கேயும் அதே கோப்பையை வாங்கினார். 2017இல் டிரிங்க்வாட்டரும் செல்சிக்கு. 2018இல் மஹ்ரெஸ் மான்செஸ்டர் சிட்டிக்கு. கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் ரனியேரியை ஒன்பது மாதத்தில் அந்த கிளப்பே வீட்டுக்கு அனுப்பியது. போகிற பையனைத் திட்டுகிற நாம், அனுப்புகிற கிளப்பை ஒரு நாளாவது திட்டியிருக்கிறோமா?

நெதர்லாந்து கிளப் அஜாக்ஸின் கதை இன்னும் வலிக்கும். 1995இல் வியன்னாவில் இத்தாலியின் மிலனை 1–0 என்று ஜெயித்து, ஐரோப்பாவின் பெரிய கிளப் கோப்பையான சாம்பியன்ஸ் லீக்கை வாங்கினார்கள். கோல் போட்ட கிளைவர்ட்டுக்கு வயது 18. அதே டிசம்பரில் பாஸ்மன் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரனைப் பழைய கிளப் பணம் கேட்டுப் பிடித்து வைக்க முடியாது என்று ஆகிவிட்டது. அடுத்த வருஷமே டேவிட்ஸும் ரெய்சிகரும் மிலனுக்குப் போனார்கள், அதற்கு அடுத்த வருஷம் கிளைவர்ட்டும். யாரை ஜெயித்தார்களோ அவர்களிடமே போய்ச் சேர்ந்தார்கள். ஜெயித்ததுதான் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது.

"ரியல் மாட்ரிட் கலையவில்லையே" என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். 2016, 2017, 2018 என்று வரிசையாக மூன்று சாம்பியன்ஸ் லீக். கடைசி இரண்டு பைனலிலும் அதே பதினொரு பேர்தான் இறங்கினார்கள். ஆனால் உலகத்தில் யார் கேட்டாலும் அதைவிட அதிகம் கொடுக்கக்கூடிய கிளப் அது. அதுவும் எத்தனை நாள்? மூன்றாவது கோப்பை வாங்கிய அதே கோடையில் ஜிடான் விலகினார், ரொனால்டோ யுவென்டஸுக்குப் போனார். அடுத்த மார்ச்சில் அஜாக்ஸ் பையன்கள் மாட்ரிட்டுக்கே வந்து 4–1 என்று அடித்தார்கள். அந்த அஜாக்ஸும் அந்தக் கோடையில் கலைந்தது. டி யோங் பார்சிலோனாவுக்கு, டி லிக்ட் யுவென்டஸுக்கு.

நம்ம பக்கத்திலேயே பாருங்கள். சென்னை சிட்டி கிளப் 2019 மார்ச்சில் கோவையில் கடைசி ஆட்டத்தில் மினர்வா டீமை 3–1 என்று ஜெயித்து, இந்திய கிளப்புகள் ஆடும் ஐ-லீக்கை வாங்கியது. வெறும் ஒரு புள்ளி வித்தியாசம். 21 கோல் போட்ட பெட்ரோ மான்சி ஒரு வருஷத்துக்குள் ஜப்பானுக்குப் போய்விட்டார்.

சரி, எல்லோரும் அப்படியே இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா? சென்னையின் எஃப்சி கிளப் 2018இல் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வாங்கியது. அடுத்த சீசனிலும் அதே பயிற்சியாளர், பெரும்பாலும் அதே முகங்கள். பத்து டீமில் பத்தாவது இடம். கால் களைக்கும், காயம் வரும், எதிரிக்கு நம்ம ஆட்டம் மனப்பாடம் ஆகிவிடும். இருந்தால் மட்டும் போதாது.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல. 1999இல் நாங்கள் இதே கோப்பையை வாங்கினோம். நான் லெஃப்ட் பேக். அப்போது பாளையங்கோட்டையில் படித்துக்கொண்டிருந்தேன். சென்னை லீக்கில் ஆட ஒரு கோச் கூப்பிட்டார், தங்க இடமும் சாப்பாடும் தருவதாகச் சொன்னார். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "ஒரு வருஷம் ஊருக்கு ஆடுலே, அப்புறம் போ." அப்பா தலையாட்டினார். நான் இருந்தேன். ஆனால் டீம் இருந்ததா? கோல் கீப்பர் துபாய்க்குப் போனான். இரண்டு பேர் கப்பலுக்குப் போனார்கள். சென்டர் ஃபார்வர்டு கல்யாணம் முடித்துத் தூத்துக்குடியோடு நின்றுவிட்டான். நான் இருந்தும் டீம் இல்லை. அடுத்த வருஷ செமி பைனலில் எனக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அம்மாவின் செயினை அடகு வைத்துத்தான் வைத்தியம் பார்த்தோம். அந்த நாலு பேரில் ஒருத்தர்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. கோச்சும் அதற்கப்புறம் கூப்பிடவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மழைக்காலத்தில் இன்னும் அந்தக் கால் மடங்காது.

"காசுதான் பெருசா, ஊர்ப் பற்று வேண்டாமா" என்கிறார்கள். வள்ளத்துக்கு வாங்கிய கடனுக்கு அந்தத் தம்பியின் அப்பா மாசா மாசம் வட்டி கட்டுகிறார். ஆமாம், காசு பெருசுதான்.

போன வருஷக் கோப்பை ஆட்டம்தான் நம்ம பதினொரு பேரும் சேர்ந்து ஆடிய கடைசி ஆட்டம். அதை நான் கண்ணால் பார்த்தேன். டை பிரேக்கரில் கடைசி உதையை அந்தத் தம்பிதான் அடித்தான். அன்றைக்கு அவனைத் தோளில் தூக்கி வைத்து ஆடியவர்கள்தான் இன்றைக்கு அவன் வீட்டு வழியாகப் போகும்போது சத்தமாகச் சிரிக்கிறார்கள். திருவிழாவுக்கு நாலு நாள் லீவு கேட்டு வந்தவன், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாசலுக்கே வரவில்லை. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். "நான் வந்திருக்கக் கூடாது அண்ணே" என்கிறான். அவன் அப்படிச் சொல்லும்படி ஆக்கிவிட்டோம்.

நாளைக்கு அவனுக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட். மத்தியானம் நான்தான் பைக்கில் ஜங்ஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். போன வருஷம் அவனோடு ஆடிய பையன்கள் இதைப் படித்தால் வாங்க. மைக் பிடித்த அண்ணனும் வரலாம். அவன் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.