செனகல் தலைநகர் தக்காரின் பல்கலைக்கழகத்தை நிறுவியவர் வரலாற்றறிஞர் தியோப் இல்லை

மேலே ஒருவர் "செனகல் விடுதலை அடைந்ததும் சேக் அந்தா தியோப் தக்காரில் தன் பெயரிலேயே பல்கலைக்கழகம் ஆரம்பித்தார்" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தப்பு. அது 1957இல் பிரெஞ்சு ஆட்சியிலேயே தொடங்கியது, நாடு விடுதலை பெற்றது 1960இல்தான். அப்புறம், அவர் பெயரை வைத்தது 1987இல், அவர் இறந்து ஒரு வருடம் கழித்து. தனக்குத்தானே எப்படி வைத்துக்கொள்வார்? உண்மையில், அரசியலில் செனகலின் முதல் அதிபர் செங்கோரை எதிர்த்து நின்ற இந்த மனிதருக்கு, செங்கோர் அதிபராக இருந்தவரை அங்கே பாடம் நடத்தவே வாய்ப்பு தரவில்லை, பல வருடங்கள் தொல்பொருள்களின் வயதைக் கணிக்கும் கார்பன் ஆய்வகத்தில்தான் வேலை பார்த்தார், பேராசிரியர் பதவி 1981இல்தான் கிடைத்தது. அதை விட்டுவிட்டு நிறுவனர் என்கிறீர்களே!