ஆக்ஸிஜன் தீர்ந்துவிடாது, கவலை வேறு

"கடலில் பைட்டோபிளாங்டன் அழிகிறது, இன்னும் சில ஆண்டுகளில் மூச்சுவிட ஆக்ஸிஜன் இருக்காது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. பைட்டோபிளாங்டன் என்பது கடலில் மிதந்தபடி, செடிகள்போல ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்கள். உலக ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறையப் பாதி இவற்றுடையது, அது சரி. ஆனால் அவை வெளியிடும் ஆக்ஸிஜனில் பெரும்பகுதியைக் கடலே செலவழித்துவிடுகிறது. காற்றிலுள்ள 21 சதவீத ஆக்ஸிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு.

அதற்காக விஷயம் சின்னதில்லை. மேற்கு இந்தியப் பெருங்கடலில் அறுபது ஆண்டுகளில் பைட்டோபிளாங்டன் 20 சதவீதம் வரை குறைந்திருப்பதாக 2016இல் வந்த ஆய்வு சொல்கிறது. மேல்நீர் சூடேறி அடிநீரோடு முன்போலக் கலப்பதில்லை. அடியிலுள்ள சத்து முன்போல மேலே வராததால் பைட்டோபிளாங்டன் குறைகிறது. அப்புறம் மீனுக்கு இரை எங்கே? சூரை மீன் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு இது இப்போதே வாழ்க்கைப் பிரச்சினை. கரிமத்தை (கார்பனை) ஆழ்கடலுக்கு இறக்கும் பைட்டோபிளாங்டனின் வேலையும் தளரும்.