ஹாலுக்குள் மாடிப்படி, வீட்டுக்கே கதவில்லை

ஹாலுக்கு நடுவே மாடிப்படியைத் திறந்தபடி விட்டுக் கட்டுவதுதான் அழகு என்று முதன்முதலில் சொன்ன ஆள் கையில் கிடைத்தால், ஒரு மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கொண்டுவந்து உட்கார வைப்பேன். வேறு தண்டனையே வேண்டாம்.

சென்னைப் புறநகரில் ஒரு டூப்ளெக்ஸ் வீடு. கீழே ஹால், சமையலறை, ஒரு பெட்ரூம். மேலே இரண்டு பெட்ரூம், நடுவில் ‘ஃபேமிலி லவுஞ்ச்’ என்று பேர் சூட்டிய ஒரு வெற்றிடம். வாசல் கதவைத் திறந்தால் நேர் எதிரே படி. சுவர் கிடையாது, அடைப்பு கிடையாது, கருப்பு கிரானைட் பலகைகளும் கண்ணாடிக் கைப்பிடியும்தான். பில்டர் கொடுத்த விளம்பரத் தாளில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் காபிக் கோப்பையோடு அதில் சிரித்தபடி இறங்கி வருகிறார். அவருக்கென்ன, கரண்ட் பில் அவர் பேருக்கா வருகிறது?

ஆமாம், கரண்ட் பில். மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் வெயிலில் காய்ந்துவிட்டு ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைக் கீழே இறக்குகிறது. அதற்கும் மேலே, படி போய் முடிகிற ஹெட்ரூம். நாலு பக்கமும் வெயில் படுகிற கான்கிரீட் பெட்டி. அந்தப் பெட்டிக்கும் நாங்கள் உட்கார்ந்து டிவி பார்க்கிற சோபாவுக்கும் நடுவில் ஒரு கதவுகூட இல்லை. ஹாலில் ஒன்றரை டன் ஏசி போட்டிருக்கிறோம். ஃபேனையும் சேர்த்துப் போட்டால் மேல்சூடும் கீழ்க்குளிரும் கலந்து இரண்டுமில்லாத ஒரு வெதுவெதுப்பு. சரி, மேலே லவுஞ்சில் ஏசி போடலாமென்றால், குளிர்ந்த காற்று கனமானது அல்லவா, அது பாட்டுக்குப் படியிறங்கி ஹாலுக்கு வந்துவிடும். காசு கட்டிய மேல்மாடிக்கு வேர்வை, யாருமே இல்லாத ஹாலுக்குக் குளிர்ச்சி. சர்வீஸுக்கு வந்த பையன் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: “மேடம், கம்ப்ரஸர் கட் ஆஃபே ஆக மாட்டேங்குது. இது ரூம் இல்ல மேடம், கிணறு. கிணத்துக்கு யாராச்சும் ஏசி போடுவாங்களா?” இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டியதற்கு மட்டுமா விலை கூடுகிறது? அதற்குக் கீழே இருக்கிற யூனிட்டுகளுக்கும் சேர்த்து கட்டண ஸ்லாப் மாறிவிடும். கோடையில் எங்கள் மீட்டர் அந்தக் கோட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போகிறது.

சரி, சூடாவது நாலு மாதம். சத்தம் பன்னிரண்டு மாதமும் உண்டு. தரை டைல்ஸ், படி கிரானைட், கைப்பிடி கண்ணாடி, சுவர் வெறும் சிமெண்டுப் பூச்சு. சத்தத்தை வாங்கிக்கொள்ள இந்த வீட்டில் மெத்தைகளைத் தவிர எதுவும் இல்லை. காலையில் மிக்ஸி போட்டால் மேலே பிளஸ் டூ படிக்கிறவன் கத்துகிறான். சாயங்காலம் அத்தை சீரியல் பார்த்தால், அதில் வரும் மாமியார் அவன் மேஜைக்குப் பக்கத்தில் நின்று அழுவது போலக் கேட்கிறதாம். இவருக்கு ராத்திரி ஒன்பதரைக்கு அமெரிக்கா கால். மேலே லவுஞ்சில் உட்கார்ந்து “ஆடிபிளா, ஆடிபிளா” என்று கேட்பார். அங்கே கேட்கிறதோ இல்லையோ, கீழே தூங்கப் போன அத்தைக்கு நன்றாகக் கேட்கும். “கேக்குதுப்பா, நீ பேசு” என்று அவர் இங்கிருந்து பதில் சொன்ன நாளும் உண்டு. புருஷனும் பொண்டாட்டியும் ஒரு பண விஷயத்தை மெதுவாகப் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் போர்டிகோவில் நிற்கிற காருக்குள் போய் உட்கார்ந்து பேசுகிறோம். வங்கிக் கடனில் வாங்கின வீட்டுக்கு வெளியே, வங்கிக் கடனில் வாங்கின காருக்குள்!

வாசனையைக் கேட்காதீர்கள். சமையலறைக்குக் கதவு வைத்தால் ‘ஓப்பன் ஃபீல்’ போய்விடும் என்று அதையும் பில்டர் திறந்தே விட்டுவிட்டார். சாம்பாருக்கு மிளகாய் தாளித்தால் முதல் தும்மல் மாடியில் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என்றால் திங்கட்கிழமை யூனிஃபார்மில் அது இருக்கும். சிம்னி இருக்கிறது, ஓடவும் ஓடுகிறது. ஆனால் அதைவிடப் பெரிய சிம்னி ஹாலுக்கு நடுவில் அல்லவா நிற்கிறது! வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் புகை பூஜை அலமாரிப் பக்கம் நிற்பதே இல்லை, வளைந்து நெளிந்து நேராகப் படியேறிப் போகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். சாம்பிராணிப் புகைக்குத் தெரிந்த வழி தீப்புகைக்குத் தெரியாதா? இன்வெர்ட்டரும் பேட்டரியும் எங்கே இருக்கின்றன? படிக்குக் கீழே. அங்கே மின்கசிவு ஏற்பட்டால், மேலே தூங்குகிறவர்கள் இறங்கித் தப்பிக்க இருக்கிற ஒரே வழியில்தான் புகை ஏறி வரும். இங்கிலாந்தில் இரண்டு தள வீட்டின் கூரைக்கு அடியில் இருக்கிற பரணை மாற்றி மூன்றாவது தளமாக ஆக்கினால், படியை ஒட்டிய அறைகளுக்குத் தீ தாங்கும் கதவு போடு என்று பொதுவாகக் கேட்கிறார்கள். இங்கே பில்டர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, படிக்கு அடியில் எல்இடி ஸ்ட்ரிப் லைட் வேண்டுமா என்பதுதான்.

இனி படிக்கே வருகிறேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, வீட்டுக்குள் ஒரு படியின் உயரம் 190 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிபடும் அகலம் 250-க்குக் குறையக் கூடாது என்கிறது. 190 என்றால் ஏழரை அங்குலம். டேப் வைத்து அளந்து பார்த்தேன், எங்கள் படி எட்டு அங்குலம். காரணம் எளிது. பத்தடி உயரத்தை ஏழு அங்குலப் படியாக ஏற 17 படி வேண்டும், எட்டு அங்குலமென்றால் 15 போதும். இரண்டு படியை விழுங்கி ஹாலில் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் மேலே மிச்சம் பிடித்தார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு பிளாஸ்டிக் செடி நிற்கிறது. அத்தையின் முழங்கால் அதற்குத்தான் விலை கொடுத்தது. மேல்மாடியைக் கண்ணால் பார்த்தே பல காலம் ஆகிறது என்கிறார். வாஸ்து பார்க்க வந்தவர் படி ஒற்றைப்படையா, வலப்பக்கமாகத் திரும்புகிறதா, ஈசானிய மூலையில் இல்லையே என்றெல்லாம் பார்த்தார். 15 என்றதும் முகம் மலர்ந்தது. ஏறிப் பார்க்கவில்லை.

படிகளுக்கு நடுவே அடைப்பு இல்லாததும் ஒரு ஸ்டைலாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் என் கை தாராளமாக நுழைகிறது. பிரிட்டனில் ஐந்து வயதுக்குக் கீழான குழந்தைகள் இருக்கக்கூடிய வீட்டுப் படி என்றால், 100 மில்லிமீட்டர் பந்து எந்த இடைவெளியிலும் நுழையக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் பந்து என்ன, தங்கச்சியின் தவழுகிற குழந்தையே நுழைந்துவிடும் என்ற பயத்தில் அவள் வந்தால் யாராவது ஒருத்தர் படிக்குக் காவல். பாதுகாப்புக் கேட் வாங்கிப் போடலாமே என்பீர்கள். கடையில் கிடைக்கிற கேட்டை இரண்டு பக்கமும் சுவரில் முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். சுவர்? அதைத்தான் அழகுக்காக எடுத்துவிட்டார்களே. புடவை கட்டிக்கொண்டு அந்தப் படியில் ஏறும்போது கீழே சோபாவில் ஆள் உட்கார்ந்திருந்தால் ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதை, வரைபடம் போட்டவர் ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பாரா? ஏறுகிறவர்கள் காலிலிருந்து உதிர்கிற மண் கீழே இருப்பவர் டீயில் விழுவதெல்லாம் இதற்கு முன்னால் சின்ன விஷயம்.

விருந்தாளி வந்தால் வீடே மேடையாகிவிடும். குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வருகிறவன் மேலேயே மாட்டிக்கொள்வான். நைட்டியில் இருக்கிறவள் துப்பட்டா தேடுவாள். கூரியர்காரர் ஓடிபி கேட்டு வாசலில் நிற்கும்போதே எங்கள் இரண்டு மாடிகளையும் பார்த்துவிட்டுப் போகிறார்.

ஒட்டடையைச் சொல்ல மறந்தேனே. ஹாலின் கூரை இருபது அடி உயரத்தில். எங்கள் ஒட்டடைக் கம்பு பதினோரு அடியோடு சரி. அங்கே ஒரு விளக்கு ஃபியூஸ் போனால் எலக்ட்ரீஷியன் “சாரம் கட்டணும் மேடம்” என்கிறார். ஒரு எல்இடி பல்புக்குச் சாரம்! அது எரியாமலே கிடக்கிறது. சிலந்திகள் நிம்மதியாக இருக்கின்றன.

எங்கள் அப்பா கட்டின வீட்டில் படி வெளியே இருந்தது. சிமெண்டுப் படி, இரும்புக் கம்பி, அவ்வளவுதான். மழையில் நனையும், உண்மைதான். ஆனால் மாடியைத் தனியாக வாடகைக்கு விட்டார்கள், அந்தக் காசில் இரண்டு பெண்களும் படித்தோம். கீழ்வீட்டுச் சண்டை மேல்வீட்டுக்குத் தெரியாது. இந்த வீட்டில் நாளைக்கே பையன் வெளியூர் படிக்கப் போனாலும் மேல்மாடியை ஒருத்தருக்கும் விட முடியாது. எங்கள் சோபாவைத் தாண்டித்தானே அவர்கள் தூங்கப் போக வேண்டும்? பூட்டி வைக்கலாமென்றால், பூட்டுவதற்கும் கதவு வேண்டுமே!

போன வாரம் அலுமினியம் பார்ட்டிஷன் போடுகிறவரை வரவழைத்தேன். கீழே படி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு அடைப்பு, அதில் ஒரு சாதாரணக் கதவு. படிகளுக்கு நடுவே பலகை. மேலே லவுஞ்ச் ஓரத்தில் கூரைவரை கண்ணாடி. அளந்து பார்த்துவிட்டு ஒரு தொகை சொன்னார். ஏசியில் ஓடுகிற காசைப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. இவர்தான் கையைப் பிசைகிறார். “லுக்கே போயிடுமே, வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் அந்தப் படியைத்தானே நல்லா இருக்குன்னு சொல்றாங்க” என்கிறார். வருகிறவர்கள் ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அட்வான்ஸைக் கொடுத்துவிட்டேன்.