ரோஸ்மேரியின் இனிஷியல் மாறியது சரிதான்

"ரோஸ்மேரிக்கு எதற்குப் பெயரை மாற்றினார்கள்? நன்றாகத்தானே இருந்தது?"

செடி வளர்ப்பதில் உயிராக இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் என்னிடம் இப்படிக் கேட்டார். கேள்வியிலேயே கோபம் தெரிந்தது. அவருடைய பழைய தொட்டியில் குத்தியிருக்கும் அட்டையில் ராஸ்மரினஸ் அஃபிசினாலிஸ் என்று இருக்கிறது. புதிதாக வாங்கிய தொட்டியின் அட்டையில் சால்வியா ராஸ்மரினஸ். செடி இரண்டும் ஒன்றுதான். வேலை இல்லாதவர்கள் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அவருடைய தீர்ப்பு.

எனக்கு இந்தப் பெயர் மாற்றம் சரி என்றுதான் படுகிறது. அவரிடம் அவசரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நம் பெயருக்கு முன்னால் இனிஷியல் வருகிறது இல்லையா, செடிகளின் அறிவியல் பெயரும் அப்படித்தான். முன்னால் வருவது பேரினம், பின்னால் வருவது அந்தச் செடிக்கே உரிய பெயர். இனிஷியல் இன்னாருடைய பிள்ளை என்று சொல்கிறது. பேரினப் பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும். 1753-இல் லின்னேயஸ் என்ற சுவீடன் தாவரவியலாளர் ரோஸ்மேரியைத் தனிப் பேரினமாக எழுதி வைத்தார். 2017-இல்தான் அது சால்வியா வீட்டுப் பிள்ளை என்று முறையாகச் சேர்த்துக்கொண்டார்கள். இடையில் 264 ஆண்டுகள்.

சால்வியா யார் என்று முதலில் பார்த்துவிடலாம். புதினாவும் துளசியும் இருக்கும் குடும்பம்தான். அந்தக் குடும்பத்திலேயே மிகப் பெரிய பேரினம் இது; கிட்டத்தட்ட 1,000 இனங்கள். பாதிக்கு மேல், 500-க்கும் அதிகமாக, அமெரிக்கக் கண்டங்களில் இருக்கின்றன. மத்தியதரைக் கடலைச் சுற்றியும் மத்திய ஆசியாவிலும் சுமார் 250, கிழக்கு ஆசியாவில் சுமார் 90. சமையலுக்குப் போகும் சேஜ் இலை, தோட்டங்களில் சிவப்பாக எரியும் சால்வியா, ஊறவைத்தால் கொழகொழவென்று ஆகும் சியா விதை எல்லாம் இந்த ஒரே வீடு.

குடும்ப அடையாளங்களைக் கையாலேயே தொட்டுப் பார்க்கலாம். தண்டை இரண்டு விரல்களுக்கு நடுவே உருட்டினால் வழுக்கிக்கொண்டு உருளாது, நான்கு விளிம்புகளும் தட்டும். இலைகள் இரண்டிரண்டாக எதிரெதிரே வரும். ஒரு ஜோடி கிழக்கு மேற்காக இருந்தால் அடுத்த ஜோடி வடக்கு தெற்கு. இலையைக் கசக்கினால் வாசனை. அது இலைக்குள்ளிருந்து வருவதில்லை, மேலே முடி மாதிரி நிற்கும் சின்னச் சின்னச் சுரப்பிகள் உடைவதால் வருகிறது. பூவுக்கு மேலுதடு கீழுதடு என்று இரண்டு உதடுகள். விதை உருவாகும் சூலகம் நான்கு மேடுகளாகப் பிரிந்து, நடுவே பள்ளத்திலிருந்து சூல்தண்டு எழும்பும். ஒவ்வொரு மேடும் ஒரு சின்னக் கொட்டை ஆகும். பூ உதிர்ந்த பிறகும் அதைத் தாங்கும் வெளி உறையான புல்லிவட்டம் உதிராது. அதை விரித்து உள்ளே பாருங்கள், கிண்ணத்தில் வைத்த மாதிரி நான்கு கொட்டைகள் உட்கார்ந்திருக்கும். சியா விதை என்று வாங்குகிறோமே, அது ஒவ்வொன்றும் இந்தக் கொட்டைதான்.

இதுவரை சொன்னது குடும்பத்துக்குப் பொது. சால்வியாவுக்கே உரியது மகரந்தத்தாளில், அதாவது மகரந்தத் தூள் தரும் உறுப்பில், இருக்கிறது.

நான் படித்த பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரே ஒரு வரி: "மகரந்தத்தாள்கள் இரண்டு, இணைப்புத்திசு நீண்டது." மனப்பாடம் செய்தோம், எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம். அந்த வரிக்குள் ஒரு இயந்திரம் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து, சால்வியா பிராட்டென்சிஸ் என்ற நீலப் பூவைக் கையில் பிடித்து, கூர் மழுங்கிய பென்சில் முனையைத் தொண்டைக்குள் மெதுவாக அழுத்தியபோதுதான் எனக்குத் தெரிந்தது. மேலுதட்டுக்குள் ஒளிந்திருந்த இரண்டு கம்பிகள் தலையைக் குனிந்து பென்சிலின் முதுகில் மஞ்சள் தூளைத் தடவின. பென்சிலை எடுத்தேன், கம்பிகள் மேலே போய்விட்டன. மறுபடி அழுத்தினேன், மறுபடி குனிந்தன. எத்தனை தடவை செய்தேன் என்று கணக்கில்லை.

எப்படி நடக்கிறது என்றால், சாதாரணமாக ஒரு மகரந்தத்தாளில் கீழே ஒரு கம்பி, உச்சியில் இரண்டு மகரந்தப்பைகள் இருக்கும். இரண்டு பைகளையும் ஒட்டவைக்கும் சதைத் துணுக்குத்தான் இணைப்புத்திசு. பெரும்பாலான பூக்களில் அது கண்ணுக்கே தெரியாது. சால்வியாவில் அது இழுத்த நூல் மாதிரி நீண்டு, இரண்டு பைகளையும் தூரத் தூரக் கொண்டுபோய்விட்டது. கம்பியின் உச்சியில் மெல்லிய ஒரு மூட்டு. அதன் மேல் இந்த நீண்ட தண்டு, ஏற்றம் மாதிரி ஏறி இறங்குகிறது; ஒரு நெம்புகோல்தான் இது. நீண்ட கை மேலே போய் மேலுதட்டுக்குள் பதுங்கியிருக்கும். அதன் நுனியில் தூள் நிறைந்த பை. குட்டைக் கை கீழே வந்து தொண்டையை அடைத்து நிற்கும். அதன் நுனியில் இருக்கும் பை தூள் தருவதை விட்டுவிட்டுத் தட்டையான பலகை ஆகிவிட்டது. இரண்டு தாள்களின் பலகைகளும் ஒட்டிக்கொண்டு ஒரு கதவு. தேன் கதவுக்குப் பின்னால், சூலகத்தின் அடியில். வண்டு தலையால் கதவை முட்டினால் மேல்கை இறங்கி அதன் முதுகில் அடிக்கும். வண்டு வெளியேறினால் கதவு தானே மூடிக்கொள்ளும்.

குடும்பத்தில் பெரும்பாலோருக்கு மகரந்தத்தாள் நான்கு. சால்வியாவில் வேலை செய்வது இரண்டுதான், மற்ற இரண்டும் சுருங்கிப் புள்ளியாகிவிட்டன அல்லது காணாமலே போய்விட்டன.

அப்புறம் இன்னொரு ஏற்பாடு. பூ திறந்த புதிதில் தூள் மட்டும் தயாராக இருக்கும், சூல்தண்டு குட்டையாக மேலேயே நிற்கும். தூள் தீர்ந்த பிறகு சூல்தண்டு நீண்டு, வளைந்து, வாசலுக்கு நேராகத் தொங்கும். வேறொரு இளம்பூவில் முதுகில் அடி வாங்கிக்கொண்டு வரும் வண்டு இங்கே நுழையும்போது, அந்த முதுகே சூல்தண்டின் நுனியான சூல்முடியில் உரசும். ஒரே பூவின் தூள் அதே பூவில் விழுவது இப்படி வெகுவாகக் குறைகிறது.

இதையெல்லாம் 1793-இலேயே கண்டு எழுதியவர் கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியப் பள்ளித் தலைமையாசிரியர். பூவின் நிறமும் வடிவமும் தேனும் பூச்சியை வைத்து மகரந்தம் கடத்தத்தான் என்று அவர் சொன்னபோது பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே வேலையும் போனது. 1841-இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் சொல்லி டார்வின் அந்த நூலைத் தேடிப் படித்த பிறகுதான் அவருக்கு உரிய மரியாதை மெல்ல வந்தது. பூவின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த அந்த மனிதரை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

நெம்புகோலின் நீளம், வளைவு, பூவின் அளவு எல்லாம் இனத்துக்கு இனம் மாறும். அதனால் பூச்சியின் உடம்பில் தூள் விழும் இடமும் மாறும். ஒரே வண்டு இரண்டு சால்வியாக்களுக்குப் போனாலும், ஒன்றின் தூள் தலையில், இன்னொன்றின் தூள் முதுகின் பின்பக்கத்தில் என்று இருந்தால் கலப்பு நடக்காது. கலிபோர்னியாவில் பக்கத்துப் பக்கத்தில் வளரும் சால்வியா ஏபியானா, சால்வியா மெல்லிஃபெரா இரண்டையும் 1964-இல் கிராண்ட் தம்பதியர் ஆராய்ந்தார்கள். ஒன்று பெரிய தச்சுவண்டுகளை நம்பி இருக்கிறது, மற்றது நடுத்தர அளவுத் தேனீக்களை. அடுத்தடுத்து நின்றாலும் இரண்டும் பெரும்பாலும் தனித்தனி வழியில்தான் போகின்றன.

பறவையை நம்பும் சால்வியாக்களும் உண்டு. அமெரிக்காவில் ஓசனிச்சிட்டுகள், தென்னாப்பிரிக்காவில் சில இனங்களுக்குத் தேன்சிட்டுகள். இவற்றில் பலவற்றின் பூ சிவப்பு, குழல் நீளம். பறவையின் அலகு மெல்லியது, தலையால் கதவை முட்டித் திறக்கும் தேவை இல்லை. அதனால் சில இனங்களில் நெம்புகோல் அசையாமல் உறைந்துவிட்டது. மகரந்தப்பை நேராக வெளியே நீட்டிக்கொண்டு நெற்றியில் பூசிவிடுகிறது.

இனிமேல்தான் ரோஸ்மேரி கதை. இவ்வளவு விசேஷமான நெம்புகோல் வைத்திருப்பவை எல்லாம் ஒரே வம்சமாகத்தான் இருக்க வேண்டும் என்று 200 ஆண்டுகளுக்கு மேல் நம்பினார்கள். நானும் நம்பியிருப்பேன். இப்படி ஒரு கருவி இரண்டு தடவை தனித்தனியாக உருவாகுமா என்ன? 2004-இல் டிஎன்ஏவை ஒப்பிட்ட ஆய்வு வந்தது. பழைய வரையறைப்படி சால்வியா ஒரே வம்சம் இல்லை என்று தெரிந்தது. 2007-இல் இன்னும் தெளிவாகியது: நெம்புகோல் குறைந்தது 3 முறை, வெவ்வேறு கிளைகளில், தனித்தனியாக உருவாகியிருக்கிறது. தேனும் வண்டும் ஒரே மாதிரிச் சிக்கலைக் கொடுத்ததால் பூக்களும் ஒரே மாதிரி விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, இன்றும் அப்படியே.

சால்வியாக் கிளைகளுக்கு நடுநடுவே வேறு பெயரில் 5 சின்னப் பேரினங்கள் உட்கார்ந்திருந்தன. ராஸ்மரினஸ், பெரோவ்ஸ்கியா, துருக்கியின் டோரிஸ்டேகஸ், ஈரானின் ஜுமேரியா, மெரியாண்ட்ரா. ஐந்திலும் சேர்த்து 15 இனங்கள்தான். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே இனிஷியல், நடுவில் பிறந்தவனுக்கு மட்டும் வேறு இனிஷியல் என்பது போன்ற நிலைமை இது.

தீர்வு இரண்டுதான். நடுவில் பிறந்தவர்களையும் சேர்த்துக்கொண்டு ஒரே சால்வியா என்று வைக்கலாம். அல்லது வீட்டையே பாகம் பிரித்துப் பல பேரினங்களாக்கலாம். 2017-இல் இரண்டு கட்சியும் கட்டுரை எழுதின. பிரிக்கச் சொன்னவர்களின் வாதம் லேசானது இல்லை. 1,000 இனங்களை ஒரே பெயரில் அடைத்தால் அந்தப் பெயர் எதையும் குறிப்பாகச் சொல்லாது, ஒவ்வொரு கிளைக்கும் தனி வரலாறு இருக்கிறது, தனிப் பெயர் கொடுத்தால் அந்த வரலாறு பெயரிலேயே தெரியும் என்றார்கள். அறிவியலாக இதில் தப்பில்லை.

ஆனால் நான் சேர்த்துக்கொள்ளச் சொன்னவர்களின் பக்கம். பிரித்தால் அமெரிக்காவின் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் ஒரே நாளில் சால்வியா என்ற பெயரை இழக்கும். கிழக்கு ஆசியாவின் மருந்துச் செடிகளும் இழக்கும். சேர்த்தால் 15 பெயர்கள் மட்டுமே மாறும். பெயர் ஆராய்ச்சியாளருக்கு மட்டும் சொந்தமில்லை. விதை சேமிப்பவர், மருந்துச் செடியைப் பதிவு செய்பவர், அட்டை எழுதுபவர், பள்ளிப் பிள்ளை என்று எல்லோரும் புழங்கும் பொருள் அது. இரண்டு வழியிலும் உறவு உண்மையாகவே சொல்லப்படும் என்றால், குறைவான பேரைத் தொந்தரவு செய்யும் வழியே நல்ல வழி. என் நண்பரின் கோபத்துக்கு நான் சொல்ல விரும்பிய பதிலும் இதுதான்: அவருடைய ஒரு அட்டை மாறியதால் நூற்றுக்கணக்கான அட்டைகள் மாறாமல் தப்பின. சால்வியா ராஸ்மரினஸ் என்ற பெயர்கூடப் புதிது இல்லை, 1835-இலேயே ஒருவர் அப்படி எழுதிவிட்டார். 2019-இல் பிரிட்டனின் அரச தோட்டக்கலைச் சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது. வீட்டில் ரோஸ்மேரி என்றே கூப்பிடலாம், அதை யாரும் மாற்றவில்லை.

பெயர் சம்பந்தமாக என்னை உறுத்துவது வேறொன்று. மெக்சிகோ, குவாத்தமாலா பகுதியின் சியாவுக்கு லின்னேயஸ் சால்வியா ஹிஸ்பானிகா, அதாவது ஸ்பெயின் நாட்டுச் சால்வியா, என்று பெயர் வைத்தார். ஊர் தப்பு. ஆனாலும் முறைப்படி முதலில் வைத்த பெயர் நிற்கும் என்பதால் அது மாறாது. உறவைத் தப்பாகச் சொன்னால் திருத்துகிறார்கள், ஊரைத் தப்பாகச் சொன்னால் விட்டுவிடுகிறார்கள். விதி புரிகிறது, அந்தச் செடியைக் காலங்காலமாகப் பயிரிட்ட மக்களை நினைத்தால் மனம் ஒப்பவில்லை.

"ரோஸ்மேரி இலை ஊசி மாதிரி இருக்கிறது, சேஜ் இலை அகலமாக இருக்கிறது, இரண்டும் எப்படி ஒன்றாகும்?" என்றும் நண்பர் கேட்டார். இலை வெயிலுக்கும் வறட்சிக்கும் ஏற்ப மாறக்கூடியது. ரோஸ்மேரி இலையைத் திருப்பிப் பாருங்கள், ஓரங்கள் கீழ்ப்பக்கமாகச் சுருண்டிருக்கும், நடுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி முடி. நீரைக் காக்கும் ஏற்பாடு அது. உறவு தெரிய வேண்டும் என்றால் பூவுக்குத்தான் போக வேண்டும்.

அந்தச் செடி அடுத்த முறை பூக்கும்போது அவரை ஒரு கைலென்ஸோடு உட்காரச் சொல்லியிருக்கிறேன். வெளிர்நீலப் பூ, விரல் நகத்தளவுதான். நான்கு தாள் இருக்காது, இரண்டே இரண்டு, மேலுதட்டைத் தாண்டி வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும். நெம்புகோலும் இருக்காது, நுனியில் ஒற்றைப் பை மட்டும். லென்ஸைக் கீழே நகர்த்தினால் கம்பியின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னப் பல் துருத்திக்கொண்டிருப்பது தெரியும், நெம்புகோலின் குட்டைக் கை இங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டுவது போல.