சுகம் வந்தது சரி, எதனால் வந்தது?

போன சனிக்கிழமை திருகோணமலை நகரில் ஒரு செயலமர்வு. உளவளத்துணையாளர்கள், ஆசிரியர்கள், சில தாதியர் என்று முப்பது பேர் வரையில் இருந்தோம். வளவாளர் திரையில் இரண்டு தூண்களைக் காட்டினார். எட்டு வாரப் பயிற்சிக்கு முன் மனச்சோர்வுப் புள்ளி உயரமான தூண். பயிற்சி முடிந்த பிறகு அதில் பாதிகூட இல்லை. மண்டபம் கைதட்டியது. நான் எழும்பி, "இதே எட்டு வாரத்தில் பயிற்சி எடுக்காத ஆக்களின் புள்ளி எவ்வளவு குறைந்தது?" என்று கேட்டேன். அப்படி ஒரு குழுவைத் தாங்கள் பார்க்கவில்லை என்றார். அதோடு தேநீர் இடைவேளை விட்டார்கள்.

பின்னேரம் டச் பே கடற்கரையில் என்னோடு நடந்து வந்த ஓர் இளம் உளவளத்துணையாளர் மனம் நொந்துபோய்க் கேட்டார்: "அண்ணை, நல்ல வேலை செய்யிற ஆக்களை எல்லாருக்கும் முன்னால ஏன் அப்பிடிக் கேட்டனீங்கள்? சனம் சுகமானது பொய்யோ?"

பொய் இல்லை. சனம் சுகமானது உண்மையாகவே இருக்கலாம். எதனால் சுகமானது என்பதுதான் என் கேள்வி. அன்றைக்கு அதை அவருக்குச் சரியாக விளங்கப்படுத்த முடியவில்லை. அதனால் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005 தை மாதம், சுனாமி வந்த அடுத்த மாதம். நிலாவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் இருந்த முகாம். ஒரு தொண்டு நிறுவனத்துக்காக நான் வினாக்கொத்து நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை புள்ளி. ஒரு அக்கா முன்னால் இருக்கிறா. "கடந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு அடிக்கடி யோசனை வந்ததா?" என்று வாசித்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தா. "யோசிக்காம இருக்கேலுமோ தம்பி? ரெண்டு பிள்ளையளுக்கும் கொப்பி இல்லை, செருப்பு இல்லை. அவருக்கு வலையும் இல்லை, தோணியும் இல்லை." நான் 3 போட்டேன். அடுத்த கேள்விக்கு முன்னால் அவ மெதுவாகக் கேட்டா: "இதில பதிஞ்சா தறப்பாள் தருவீங்களோ?"

பிறகு அதே முகாமில் நானே நான்கு குழு அமர்வுகள் நடத்தினேன். ஏழு வாரம் கழித்து அதே வினாக்கொத்தோடு அதே அக்காவிடம் போனதும் நான்தான். அதற்குள் தகரக் கொட்டில் கிடைத்துவிட்டது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டார்கள். "இப்ப பரவாயில்லைத் தம்பி. நீங்கள் வந்து போறதே பெரிய ஆறுதல்" என்றா. 1 போட்டேன். எங்கள் அமர்வுகளால் உளப் பாதிப்பு பாதியாகக் குறைந்தது என்று அறிக்கை போனது. பல வருடம் நானும் அதை மனதார நம்பினேன்.

இப்போது அந்தப் புள்ளிகளை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. 3 என்று நான் போட்டது எதை? எங்கள் ஊரில் யோசனை என்றால் கவலையும்தான், திட்டம் போடுவதும்தான். வினாக்கொத்தை எங்கேயோ இருந்து மொழிபெயர்த்தவர் நோயின் அறிகுறியைத் தேடியிருக்கிறார். அந்த அக்கா சொன்னது கொப்பிக்கும் வலைக்குமான கணக்கு. அதில் தறப்பாள் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்திருக்கிறது. துன்பத்தைக் குறைத்துச் சொன்னால் நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்டுவிடுமோ என்று யாருக்கும் பயம் வரும். இரண்டாவது தடவை 1 ஆனதற்கு ஏழு வாரக் காலம் காரணமாக இருக்கலாம், தலைக்கு மேலே வந்த தகரம் காரணமாக இருக்கலாம். அமர்வு நடத்தினவனே வந்து "எப்பிடி இருக்கிறியள்?" என்று கேட்டால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல எங்கள் சனத்துக்கு வராது. இதற்கிடையில் குச்சவெளிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் இரண்டாவது பட்டியலிலேயே இல்லை. அவர்கள் நல்லாக இருந்து போனார்களா, தாங்க முடியாமல் போனார்களா, யாரும் தேடவில்லை. இவ்வளவையும் ஒரு தூணுக்குள் போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் என் அமர்வின் பெயரை எழுதினோம்.

எங்கள் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். மார்கழியில் வாடை அடித்துக் கடல் கொந்தளிக்கும்போது அதை அடக்கவென்று ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்கிறார். சித்திரையில் கடல் தானாக அடங்கும். அவர் செய்தது என்னவாக இருந்தாலும் கடல் அடங்கியிருக்கும். மனிதர் உதவி தேடி வருவதும் துன்பம் உச்சத்தில் நிற்கும் நாளில்தான். உச்சத்தில் அளந்தால் அடுத்த அளவு பெரும்பாலும் இறங்கித்தான் இருக்கும். இது எங்கள் கெட்டித்தனம் இல்லை, அளவையின் இயல்பு. அதனால்தான் ஒப்பீட்டுக் குழு, அதாவது அதே காலத்தில் அந்த உதவி பெறாமல் இருந்த ஒரு குழு, வேண்டும் என்கிறோம்.

"சரி அண்ணை, பலன் இல்லாவிட்டாலும் தீமை இல்லைத்தானே?" இதையும் அந்தத் தம்பி கேட்டார். எனக்கு மிகவும் கவலை தருவது இந்த எண்ணம்தான். அதே தை மாதத்தில் எங்கள் முகாமுக்கு வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. பெயர் வேண்டாம். ஒரே அமர்வில் எல்லோரையும் வட்டமாக இருத்தி, அலை வந்த நேரத்தை நிமிடம் நிமிடமாகச் சொல்லவைத்து, அழவைத்து, அடுத்த நாள் வேறு ஊருக்குப் போய்விட்டது. சொல்லி அழுதால் பாரம் இறங்கும் என்று நானும் நினைத்தேன். ஆனால் அதற்கு 7 வருடம் முன்னரே, 1997இல், பிசன் என்ற உளமருத்துவரும் சக ஆய்வாளர்களும் தீக்காயப்பட்டவர்களை எழுமாறாக, சீட்டுக் குலுக்குவது போல, இரண்டாகப் பிரித்து இதைச் சோதித்திருந்தார்கள். 13 மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படி ஓர் அமர்வில் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு மனவடு நோய் (PTSD), அதாவது பயங்கர அனுபவம் ஒன்று மனதில் ஆறாமல் நின்று வருத்தும் நோய். பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். வீதி விபத்தில் சிக்கியவர்களை 3 வருடம் பின்தொடர்ந்து 2000இல் வெளியான ஆய்விலும், தொடக்கத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தவர்கள் இந்த அமர்வு கிடைத்த பக்கத்தில்தான் ஆறாமல் நின்றார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாமல் பார்த்திருந்தால் 26 என்பது கூடவா குறைவா என்றே யாருக்கும் தெரிந்திருக்காது. "நாலில் மூன்று பேர் நோயில்லாமல் இருக்கிறார்கள்" என்று அதற்கும் கைதட்டியிருப்போம்.

பயன் பெற்றவர்களே நல்லது என்கிறார்களே என்றும் சொல்வார்கள். அமெரிக்காவில் பொஸ்டனுக்குப் பக்கத்தில் 1939இல் 506 சிறுவர்களை வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. பாதிப் பேருக்குப் பல வருடம் வழிகாட்டல், வீட்டுக்கே வந்து உதவி, பாடத்தில் உதவி. மற்றப் பாதிக்கு ஒன்றும் இல்லை. முப்பது வருடம் கழித்து ஜோன் மக்கோர்ட் அவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்து 1978இல் எழுதினார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அது தங்களுக்கு நன்மை செய்தது என்றார்கள். ஆனால் உதவி பெறாதவர்களோடு வைத்துப் பார்த்தால், திரும்பக் குற்றம் செய்தது, மதுவுக்கு அடிமையானது, கடும் மனநோய், இளவயது மரணம் எல்லாம் உதவி பெற்ற பக்கத்தில் அதிகம். நன்றி சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. தான் அந்த உதவி இல்லாமல் வளர்ந்திருந்தால் எப்படி இருந்திருப்பேன் என்று எந்த மனிதனாலும் பார்க்க முடியாதே!

எங்கள் மண்ணிலும் கவனமாகச் செய்த ஆய்வுகள் உண்டு. சுனாமிக்குப் பிறகு வடகிழக்கில் 31 பிள்ளைகளை எழுமாறாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு நடந்ததைக் கதையாகச் சொல்லவைக்கும் சிகிச்சை 6 அமர்வும், மறுபக்கத்துக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் 6 அமர்வும் கொடுத்தார்கள். 2009இல் வெளியானது. ஆறு மாதத்தில் முதல் பக்கத்தில் 81 சதவீதமும் மறுபக்கத்தில் 71 சதவீதமும் தேறியிருந்தார்கள். 81 பெரிது என்று துள்ளக்கூடாது. ஒரு பக்கத்தில் இருந்தது பதினைந்து பிள்ளைகள் அளவில்தான். ஒரு பிள்ளை இங்கே அங்கே ஆனாலே ஆறேழு சதவீதம் ஆடும். ஒன்றும் கொடுக்காத மூன்றாவது குழு அதில் இல்லாததால், காலம் எவ்வளவு ஆற்றியது என்பதையும் அதை வைத்துச் சொல்ல முடியாது. 2012இல் வெளியான இன்னொன்றில் வடக்கில் 399 மாணவர்கள். பாடசாலையில் 15 அமர்வுகள் பெற்றவர்களை, இன்னும் அமர்வு கிடைக்காமல் காத்திருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நடத்தைப் பிரச்சினைகளில் பலன் தெரிந்தது. ஆனால் பெண்பிள்ளைகளில், அமர்வு பெற்றவர்களைவிடக் காத்திருந்தவர்களுக்கே மனவடு அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. இதை மறைக்காமல் எழுதினார்களே, அந்த நேர்மைக்கு நான் கைதட்டுவேன்.

உதவி தேவைப்படுகிற ஆளைக் காக்கவைப்பது பாவமில்லையா என்ற கேள்விதான் மிச்சம். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்க ஆள் இருந்தால், பலன் நிச்சயம் என்று தெரிந்தால், பாவம்தான். உயிராபத்தில் இருப்பவரை எந்தப் பட்டியலிலும் காக்கவைக்கக்கூடாது, உடனே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். மற்றப்படி, எங்களிடம் எப்போதும் ஆள் காணாது. யாரோ காத்திருக்கத்தான் போகிறார்கள். இன்று தெரிந்தவர், செல்வாக்கு உள்ளவர் முந்துகிறார். அதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவது எவ்வளவோ நியாயம். காத்திருப்பவரையும் அதே நாளில் அளந்துவிட்டால் ஒப்பீடு தானாக வந்துவிடும்.

இதையெல்லாம் நேற்று இரவு தொலைபேசியில் அந்தத் தம்பிக்குச் சொன்னேன். அவர் அடுத்த மாதம் மூதூரில் பெண்களுக்கு ஒரு குழு தொடங்குகிறார். இடம் இருபது பேருக்கு, பெயர் கொடுத்தவர்கள் நாற்பத்தொரு பேர். சீட்டுப் போடச் சம்மதித்துவிட்டார். புள்ளி கேட்க அமர்வோடு சம்பந்தமில்லாத ஓர் ஆசிரியையைப் பிடித்திருக்கிறார், யார் எந்தக் குழு என்று அவருக்குச் சொல்லப் போவதில்லை. வினாக்கொத்தை வாசித்துக் காட்டினார். ஏழாவது கேள்வியில் "யோசனை" இருந்தது. அதை எப்படி மாற்றுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஞாயிறு காலை மூதூர் போய் அங்குள்ள இரண்டு மூன்று அம்மாமாரிடம் வாசித்துக் காட்டிக் கேட்கப் போகிறோம்.