கைக்காசுப் படங்களுக்கு நாங்கள் இருக்கிறோம்
நண்பர்கள் சேர்ந்து கைக்காசில் எடுக்கும் படங்களை யார் பார்ப்பார்கள் என்று ஒரு கட்டுரை கேட்கிறது. பர்மாவின் யாங்கோனில் (ரங்கூனில்) வாழும் தமிழர்களான நாங்கள் பார்க்கிறோம். 1920-இல் ஓன் மாங் எடுத்த பர்மாவின் முதல் கதைப்படத்தில் கேமரா ஒரே இடத்தில்தான் நின்றது, போதிய சாதனங்களும் இல்லை. ஆனாலும் மக்கள் கொண்டாடினார்கள். எங்கள் தெருப் பையன்கள் செல்போனில் ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். கரண்ட் போனதும் பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் சத்தம் வசனத்தை விழுங்கிவிட்டது. அப்புறம் எல்லோரும் ஒரே போர்வைக்குள் புகுந்து, வியர்க்க வியர்க்கத் திரும்பப் பேசிப் பதிவு செய்தார்கள். பேயாக வந்தவர் எங்கள் இட்லிக்கடை அக்கா. அந்த முகத்தில் இருந்த நிஜம் பெரிய படங்களில் எனக்குக் கிடைப்பதில்லை. நடுநடுவே பர்மியச் சொல் கலந்த நம் தமிழையும் நம் சந்தையையும் வேறு யார் படமெடுப்பார்கள்? தம்பிகளா, அடுத்ததையும் சீக்கிரம் எடுங்கள்.