ஓடுகிற கணினியை ஏன் தூக்கிப் போட வேண்டும்?
விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, இனி புதுக் கணினி வாங்குவதுதான் வழி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. இதை என்னால் ஏற்க முடியவில்லை. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்பதற்காக, நன்றாக ஓடுகிற இயந்திரத்தை ஒதுக்கி வைப்பதா?

அப்பாவின் மடிக்கணினி 2015-இல் வாங்கியது, ராம் 4 ஜிபிதான். விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டைப் பென்டிரைவில் ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தோம். வைஃபை, ஒலி எல்லாம் சரி. அவருடைய ஒரே கவலை தமிழ்த் தட்டச்சு. தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பைச் சேர்த்துக் கொடுத்தேன். முதலில் தன் ஊர்ப் பெயரை அடித்துப் பார்த்தார், மெதுவாக, ஒற்றை விரலால். "இது போதும்டா" என்றார்.

எல்லோருக்கும் இது ஒத்து வராது. ஃபோட்டோஷாப்புக்கு லினக்ஸ் பதிப்பே கிடையாது. வேர்டில் போட்ட அட்டவணைகள், லினக்ஸில் அதற்குப் பதிலாக வரும் லிப்ரே ஆபீஸில் சில நேரம் கலைந்துவிடும். பாமினியில் அடித்த பழைய கடிதங்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் மறக்காமல் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், லினக்ஸை நிறுவுவதற்காக வட்டை அழிக்கும் முன் குடும்பப் படங்களை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.